பூண்டி கண்ட மேயர் சத்தியமூர்த்தி

விருத்தாசலத்தில் வாழும் நமக்கு நீரின் அருமையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற இவ்வூரில் களிமண்ணைக் குழைப்பதற்கும் நீர் வேண்டும். பருகும் நீரை வடிகட்டிப் பருகுவதை அறமாகக் கொண்டவர்கள் நாம். நமக்கு அண்மையிலுள்ள வீராணம் ஏரியின் நீர் 2004ஆம் ஆண்டு முதல் குழாய் வழியே சென்னைக்குச் செல்கிறது. அந்நகரின் தாகமோ மிகப் பழையது. அதனைத் தணிக்க முனைந்த ஒரு மேயரின் வரலாற்றை இங்கு நினைவுகூர விழைகிறோம்.

புதுக்கோட்டைச் சீமையின் திருமயத்தில் 1887 ஆகஸ்டு 19 அன்று பிறந்தவர் சத்தியமூர்த்தி. இளமையிலேயே தந்தையை இழந்தார். சென்னையில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். வாதத் திறனும் நாவன்மையும் அவரைச் சட்டசபைக்கும், பின்னர் 1934ஆம் ஆண்டுத் தேர்தல் வாயிலாக மத்திய சட்டசபைக்கும் கொண்டு சென்றன. ஆங்கில அரசினர் அவருடைய வினாக்களுக்கு அஞ்சினர் என்பது மிகையன்று. நாடகத்திலும் இசையிலும் அவருக்கிருந்த ஈடுபாடு பலரும் அறிந்ததே. எனினும், தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயன்றபோது அதனை அவர் எதிர்த்தார். அந்நிலைப்பாட்டை நம்மால் ஏற்க இயலவில்லை.

1936இல் தமிழ்நாடு காங்கிரசின் தலைவரானார்; காமராஜர் செயலாளரானார். மறு ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் வென்றது. பல்கலைக்கழகத் தொகுதியை இராஜாஜிக்கு விட்டுக்கொடுத்திருந்த சத்தியமூர்த்திக்கு அமைச்சரவையில் இடம் கிட்டவில்லை. உழைத்தவர் வெளியே நின்றார். 1940இல் காமராஜர் தலைவரானபோது, அம்மாணவரின் கீழ்ச் செயலாளராகப் பணியாற்ற ஆசான் தயங்கவில்லை.

1939இல் அவர் சென்னையின் மேயரானார். அக்காலத்தில் மேயர் பதவி ஓராண்டுக்கே உரியது. மாநகராட்சி உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பர். நிர்வாக அதிகாரமோ ஆணையரிடம் இருந்தது. செங்குன்றம் ஏரியை நம்பியிருந்த நகரம் பெருகிவிட்டது. கொசஸ்தலையாற்றின் மழை வெள்ளமோ எண்ணூர் அருகே வீணே கடலில் கலந்துகொண்டிருந்தது. ஆற்றைப் பூண்டியில் தடுத்துத் தேக்கி, நீரைச் சோழவரத்திற்கும் செங்குன்றத்திற்கும் அனுப்புவதே திட்டம்.

காலம் சாதகமாக இல்லை. உலகப் போர் மூண்டிருந்தது. காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியதால் மாகாணம் ஆளுநரின் நேரடி ஆட்சியில் இருந்தது. தம்மைச் சிறையிலிட்ட அரசினிடமே சத்தியமூர்த்தி நகருக்காக வாதிட வேண்டியிருந்தது. கொடியேந்திய கையால் மனு எழுதுவது எளிதா? நீர் வேண்டும் என்பதில் கட்சி வேற்றுமைக்கு இடமில்லை என அவர் கருதினார் போலும். 1940 ஆகஸ்டு 8 அன்று ஆளுநர் ஆர்தர் ஹோப் பூண்டியில் அடிக்கல் நாட்டினார். நம் மேயரின் பதவிக்காலம் அவ்வாண்டே முடிந்தது.

அணை உயர்ந்துகொண்டிருக்கையில், 1942ஆம் ஆண்டு வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் அவர் மீண்டும் கைதானார். நெடுந்தொலைவு கொண்டு செல்லப்பட்டு அமராவதிச் சிறையில் அடைக்கப்பட்டார். முதுகெலும்பு பாதிக்கப்பட்டு, சென்னைப் பொது மருத்துவமனையில் 1943 மார்ச் 28 அன்று காலமானார். அப்போது அகவை 55.

அடுத்த ஆண்டு, 1944இல், பூண்டி நீர்த்தேக்கம் நிறைவுற்றது. பிற்காலத்தில் அது சத்தியமூர்த்தி சாகர் எனப் பெயர் பெற்றது. 1996 முதல் கிருஷ்ணா நதியின் நீரும் கண்டலேறு கால்வாய் வழியே முதலில் இங்குதான் வந்தடைகிறது.