இராபர்ட் வைட்

இராபர்ட் வைட் (ஜூலை 6, 1796 – மே 26, 1872) ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்த மருத்துவரும் தாவரவியலாளரும் ஆவார். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த இவர், குற்றாலம், பழனி, நீலகிரி முதலிய மலைகளில் நடந்து தாவரங்களைச் சேகரித்தார். தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய படநூல்களை வெளியிட்டவர்களுள் இவர் முதன்மையானவர். இப்படங்களுக்கான ஓவியங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இரு தென்னிந்திய ஓவியர்கள் ஆவர்.

இளமையும் தொடக்கப் பணியும்

வைட், கிழக்கு லோதியன் பகுதியில் உள்ள மில்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை எடின்பரோவில் வழக்கறிஞராக இருந்தவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1818ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அக்காலத்தில் மருந்துகள் பெரும்பாலும் தாவரங்களிலிருந்தே பெறப்பட்டமையால் மருத்துவ மாணவர்கள் தாவரவியலையும் கற்றனர். 1819ஆம் ஆண்டு கம்பெனியின் துணை மருத்துவராக இந்தியா வந்தார்.

1826இல் சென்னை அரசின் இயற்கையியலாளர் பதவி இவருக்குக் கிடைத்தது. ஆயினும் 1828ஆம் ஆண்டு ஆளுநர் லஷிங்டன் அப்பதவியை நீக்கிவிட்டார். அதன்பின் நாகப்பட்டினத்தில் படைத்தள மருத்துவராகப் பணியாற்றிய வைட், மருத்துவப் பணிக்கு இடையே தமது சொந்த முயற்சியால் ஆய்வைத் தொடர்ந்தார். உலர்ந்த மாதிரிகளையும் ஓவியங்களையும் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஹூக்கருக்கு அனுப்பிவந்தார்.

1831இல் விடுப்பில் தாயகம் திரும்பியபோது பெருந்தொகையான மாதிரிகளை உடன் கொண்டுசென்றார். நண்பர் ஜார்ஜ் வாக்கர் ஆர்னட்டுடன் சேர்ந்து அவற்றை வகைப்படுத்தினார். இருவரும் எழுதிய தென்னிந்தியத் தாவர நூலின் முதல் தொகுதி 1834இல் வெளிவந்தது. பூவிலுள்ள மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையை முதன்மையாகக் கொண்ட லின்னேயசின் முறையைத் தவிர்த்து, உறவுடைய தாவரங்களை ஒரே குடும்பத்தில் சேர்க்கும் இயற்கை வகைப்பாட்டு முறையை இந்நூல் பின்பற்றியது. இதன் அடுத்த தொகுதிகள் வெளிவரவில்லை.

குற்றால மலைகளில்

1834இல் இந்தியா திரும்பிய வைட், பெல்லாரியில் இருந்த படைப்பிரிவில் மருத்துவராகச் சேர்ந்தார். அப்படைப்பிரிவு பாளையங்கோட்டைக்கு மாற்றப்பட்டபோது, 700 மைல்களுக்கு மேற்பட்ட தொலைவை அதனுடன் நடந்தே கடந்தார். வழிநெடுகிலும் தாவரங்களைச் சேகரித்தார்.

பாளையங்கோட்டையில் இருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள குற்றாலம், அப்போது கம்பெனி அதிகாரிகளின் கோடைக்கால ஓய்விடமாக விளங்கியது. வாசனைப்பயிர்த் தோட்டங்களும் அங்கு இருந்தன. அருவிகளைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளே வைட்டின் களமாயின.

இம்மலைகள் தாவரவியலாளருக்கு ஏற்ற இடமாக அமைந்தமைக்குக் காரணம் அவற்றின் அமைப்பே ஆகும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று சூன் முதல் சாரலைத் தருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிறது. அடிவாரத்தில் வறண்ட நிலத்துப் புதர்கள், ஐந்தருவி, பேரருவி அருகே ஓடையோர மரங்கள், செண்பகாதேவி அருவி, தேனருவி ஆகியவற்றுக்கு மேலே பசுமைமாறாக் காடு என, ஒரே நாள் நடையில் வெவ்வேறு வகையான தாவரக் கூட்டங்களைக் காண இயலும்.

அதே மழைதான் சேகரிப்பாளரின் இடையூறாகவும் இருந்தது. பறித்த செடியைத் தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி, ஈரமான தாள்களை அடிக்கடி மாற்றி உலர்த்த வேண்டும். தவறினால் பூஞ்சணம் பிடித்துவிடும். செடிகளைத் தேடிக் கொணர்வதில் வைட்டிற்கு இந்தியச் சேகரிப்பாளர்கள் துணைபுரிந்தனர். குற்றாலத் தாவரங்களைப் பற்றிய இவரது கட்டுரைகள் சென்னை இலக்கிய, அறிவியல் இதழில் வெளியாயின.

1836இல் இலங்கைக்கும் பழனி மலைக்கும் சென்றார். பழனி மலைத் தாவரங்களை முதன்முதலில் ஆராய்ந்தவர்களுள் இவரும் ஒருவர்.

நூல்களும் ஓவியர்களும்

1836ஆம் ஆண்டு வைட் வருவாய்த் துறைக்கு மாற்றப்பட்டார். பருத்தி, புகையிலை, நிலாவாரை முதலிய பயன்தரும் பயிர்களை ஆராய்வது இவரது பணியாயிற்று. 1838இல் ரோசா ஹாரியட் ஃபோர்டு என்பவரைத் திருமணம் செய்தார். அவ்வாண்டிலேயே தமது இரு பெரும் படநூல்களைச் சென்னையில் வெளியிடத் தொடங்கினார். அவற்றுள் வண்ணமில்லாப் படங்களைக் கொண்ட நூல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அதில் 2,101 படங்கள் உள்ளன. நீலகிரித் தாவரங்களுக்கெனத் தனி நூல் ஒன்றையும் வெளியிட்டார்.

உலர்ந்த செடியில் பூவின் நிறமும் வடிவமும் பெரிதும் மாறிவிடும். எனவே புதிதாகப் பறித்த செடியைப் பார்த்து வரைவது இன்றியமையாததாயிற்று. 1845 வாக்கு வரை ரங்கையாவும், அதன்பின் கோவிந்துவும் இப்பணியைச் செய்தனர். முழுக் கிளையுடன், பூவின் உள்ளுறுப்புகளும் விதையும் பிரித்துக் காட்டப்பட்டன. கல்லச்சு முறையை வைட் தாமே கற்றுக்கொண்டு படங்களை அச்சிடச் செய்தார். ஐரோப்பாவில் உள்ள உலர்தாவரச் சேகரிப்புகளைக் காண இயலாத இந்திய வாசிகளும் செடிகளை அடையாளம் காண இந்நூல்கள் வழிசெய்தன.

பருத்திப் பண்ணை

1842 முதல் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியை வளர்க்கும் சோதனைப் பண்ணைகளுக்கு வைட் பொறுப்பேற்றார். இங்கிலாந்தின் ஆலைகளுக்குத் தேவையான நீண்ட இழைப் பருத்தியை இந்தியாவிலேயே விளைவிப்பது இதன் நோக்கம். இம்முயற்சி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.

இறுதிக்காலம்

1853ஆம் ஆண்டு ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பிய வைட், ரெடிங் நகருக்கு அருகில் கிரேஸ்லி என்னுமிடத்தில் வேளாண்மை செய்து வாழ்ந்தார். தமது தாவரச் சேகரிப்பை 1871இல் கியூ தாவரவியல் பூங்காவிற்கு வழங்கினார். அடுத்த ஆண்டு காலமானார்.

மதிப்பீடு

வைட் நூற்றுக்கும் மேற்பட்ட பேரினங்களையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்களையும் புதிதாக விவரித்துள்ளார். வைட்டியா என்னும் பேரினமும், சின்னமோமம் வைட்டியை, கோனியோதலாமசு வைட்டியை முதலிய சிற்றினங்களும் இவர் பெயரைத் தாங்கியுள்ளன.

இவர் நடந்த குற்றால மலைகள் இன்று யானை, சிறுத்தை, கரடி, மிளா, கருமந்தி, மலை அணில் முதலியன வாழும் பாதுகாக்கப்பட்ட காடுகளாகும். நெல்லை வனவிலங்கு சரணாலயம் 2015ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. பேரருவிக்கு மேலுள்ள காட்டுப்பாதைகளில் செல்ல வனத்துறையின் அனுமதி தேவை. இக்காடுகளில் எச்செடிகள் இருந்தன என்பதற்கு வைட்டின் பதிவுகள் ஏறத்தாழ 190 ஆண்டுகளுக்கு முந்தைய சான்றாக அமைகின்றன.

வைட் 1853இல் ஆர்க்கிட் பேரினம் ஒன்றிற்குத் தமது ஓவியரின் பெயரால் கோவிந்தூயா எனப் பெயரிட்டார். பிற்காலத்தில் அது வேறொரு பேரினத்துடன் இணைக்கப்பட்டமையால் அப்பெயர் இப்போது வழக்கில் இல்லை. எடின்பரோ அரச தாவரவியல் பூங்கா 2007ஆம் ஆண்டு வெளியிட்ட மூன்று தொகுதி நூலின் தலைப்பில் வைட்டுடன் ரங்கையா, கோவிந்து ஆகியோரின் பெயர்களும் இடம்பெற்றுள்ளன.