100 புள்ளி எடுத்தும் கெட்ட பெயர் எடுத்த வில்ட் சேம்பர்லின்

1962-ம் ஆண்டு மார்ச் மாதம் 2-ந் தேதி. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹெர்ஷி என்று ஒரு சிறிய ஊர். சாக்லேட் தொழிற்சாலைக்குப் பெயர் போன ஊர். அன்று இரவு அங்கு ஒரு கூடைப்பந்து ஆட்டம் நடந்தது. பிலடெல்பியா வாரியர்ஸ் அணியும் நியூயார்க் நிக்ஸ் அணியும் மோதின. பார்க்க வந்தவர்கள் 4,124 பேர்தான். டெலிவிஷனில் காட்டவில்லை.

அந்த ஆட்டத்தில் ஒரே ஆள் 100 புள்ளி எடுத்தார். அவர்தான் வில்ட் சேம்பர்லின்.

பாதி ஆட்டம் முடிந்தபோது அவருடைய கணக்கு 41. முக்கால் ஆட்டம் முடிந்தபோது 69. நியூயார்க் ஆட்டக்காரர்கள் பயந்துபோனார்கள். பந்து சேம்பர்லின் கைக்குப் போகக்கூடாது என்று மற்ற ஆட்டக்காரர்களைப் பிடித்து இழுத்து வேண்டுமென்றே பவுல் செய்தார்கள். பலன் இல்லை. கடைசி நிமிடத்தில் 100 வந்தது. வாரியர்ஸ் 169-147 என்று வென்றது. ஆட்டம் முடிந்ததும் ஒரு வெள்ளைத் தாளில் 100 என்று எழுதி அவர் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள்.

என்.பி.ஏ. என்ற அந்தத் தொழில்முறை லீக்கில் அதற்குப் பிறகு யாரும் 100 எடுக்கவில்லை.

அந்த சீசனில் அவருடைய சராசரி, ஆட்டம் ஒன்றுக்கு 50.4 புள்ளி. ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று ஓட்டெடுப்பு நடந்தது. ஓட்டுப் போட்டவர்கள் சக ஆட்டக்காரர்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது சேம்பர்லினை அல்ல. பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் பில் ரசலைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

திறமைக்குப் பஞ்சம் இல்லை. புகழுக்கும் பஞ்சம் இல்லை. ஆனாலும் வாழ்நாள் முழுவதும் ஏதாவது ஒரு பழி அவரைத் துரத்திக்கொண்டே இருந்தது. அதில் எது நியாயம், எது அநியாயம்?

ஒன்பது பிள்ளைகளில் ஒருவர்

சேம்பர்லின் 1936-ம் ஆண்டு ஆகஸ்டு 21-ந் தேதி பிலடெல்பியா நகரில் பிறந்தார். கறுப்பு இனத்தைச் சேர்ந்த உழைப்பாளிக் குடும்பம். வீட்டில் ஒன்பது பிள்ளைகள். தந்தை கிடைத்த கைவேலைகளைச் செய்தார். தாயார் பிறர் வீடுகளில் வீட்டு வேலை செய்தார். சிறு வயதில் நிமோனியா காய்ச்சல் வந்து பிழைத்ததே பெரிய காரியம்.

பிறகு ஆள் வளர ஆரம்பித்தார். வளர்ந்துகொண்டே போனார். கடைசியில் 7 அடி 1 அங்குலத்தில் நின்றார். வாசலில் நுழையும்போதெல்லாம் தலையைக் குனிய வேண்டும். அதனால் நண்பர்கள் "டிப்பர்" என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்கும். பத்திரிகைக்காரர்கள் "ஸ்டில்ட்", அதாவது பொய்க்கால் என்று பெயர் வைத்தார்கள். அது அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது.

உயரம் இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் புள்ளி எடுக்கலாம் என்று பலர் நினைத்தார்கள். அது தவறு. அவர் ஓட்டத்திலும் உயரம் தாண்டுவதிலும் பெயர் வாங்கியவர். களைப்பு என்பதே தெரியாத உடம்பு. ஒரு ஆட்டம் 48 நிமிடம். அந்த 1961-62 சீசனில் அவர் ஆடிய நேரம் சராசரி 48.5 நிமிடம். கூடுதல் நேரத்தையும் சேர்த்து வந்த கணக்கு இது. அதாவது ஏறக்குறைய உட்காரவே இல்லை.

கல்லூரியில் முதல் அடி

இருநூறுக்கு மேற்பட்ட கல்லூரிகள் அவரைக் கூப்பிட்டன. அவர் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்தப் பக்கத்து ஓட்டல்கள் பலவற்றில் அப்போது கறுப்பர்களை உள்ளே உட்கார வைத்துச் சாப்பாடு போட மாட்டார்கள். சேம்பர்லின் துணிந்து போய் உட்கார்ந்தார். சில கதவுகள் திறக்க அவருடைய புகழ் உதவியது.

1957-ல் கல்லூரிகளுக்கான இறுதி ஆட்டம். எதிரணி வடக்கு கரோலினா. இரண்டு மூன்று பேர் ஒரே சமயத்தில் சேம்பர்லினைச் சூழ்ந்துகொண்டார்கள். மூன்று முறை கூடுதல் நேரம் கொடுத்தும் ஆட்டம் இழுத்தது. கடைசியில் 54-53. ஒரே புள்ளியில் கான்சாஸ் தோற்றது. அந்தப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் என்ற பரிசு சேம்பர்லினுக்குத்தான் கிடைத்தது. ஆனால் பெரிய ஆட்டத்தில் தோற்பவர் என்ற பேச்சு அன்றே தொடங்கிவிட்டது.

1958-ல் படிப்பை முடிக்காமல் வெளியே வந்தார். உடனே என்.பி.ஏ.யில் சேர விதி இடம் கொடுக்கவில்லை. வேடிக்கை ஆட்டத்துக்குப் பெயர் போன ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் குழுவில் ஒரு வருடம் ஆடினார். அந்தக் குழுவோடு மாஸ்கோ வரை போய் வந்தார்.

புள்ளி இவருக்கு, வெற்றி அவர்களுக்கு

1959-ல் பிலடெல்பியா வாரியர்ஸ் அணியில் சேர்ந்தார். முதல் சீசனிலேயே சராசரி 37.6 புள்ளி. சிறந்த புதுமுகம், சிறந்த ஆட்டக்காரர் என்ற இரண்டு பட்டமும் ஒரே ஆண்டில் கிடைத்தன. எதிரணியினர் அடித்தும் இடித்தும் ஆடியதில் வெறுத்துப்போய், இனி ஆட மாட்டேன் என்று அறிவித்தார். பிறகு மனம் மாறித் திரும்பினார். திரும்பத் திருப்பி அடிப்பவரும் அல்ல. மொத்தம் 1,045 லீக் ஆட்டங்கள் ஆடினார். அதிக பவுல் செய்ததற்காக ஒரு ஆட்டத்தில்கூட அவரை வெளியேற்றியது கிடையாது.

அவருக்கு எதிரே நின்றவர் பாஸ்டன் அணியின் பில் ரசல். உயரத்தில் இவரைவிடக் குறைந்தவர். புள்ளியும் அதிகம் எடுக்க மாட்டார். ஆனால் தடுப்பதில் மன்னர். அணியை ஒன்றாகப் பிடித்து வைப்பதிலும் மன்னர். ரசல் 13 ஆண்டுகள் ஆடி 11 முறை சாம்பியன் ஆனார்.

1960-ம் ஆண்டு நவம்பர் 24-ந் தேதி நடந்தது ஒரு உதாரணம். கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்தைப் பிடிப்பதை ரீபவுண்டு என்பார்கள். அன்று ரசலை எதிரே வைத்துக்கொண்டு சேம்பர்லின் 55 ரீபவுண்டு பிடித்தார். அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. ஆனால் அந்த ஆட்டத்தில் ஜெயித்தது பாஸ்டன்.

100 புள்ளி எடுத்த 1962-லும் அதே கதைதான். அரை இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் பாஸ்டன் 109-107 என்று வென்றது. 1965-ல் மீண்டும் ஏழாவது ஆட்டம். பாஸ்டன் 110, பிலடெல்பியா 109.

களத்தில் போட்டியாளர்கள் என்றாலும் வெளியே இருவரும் நண்பர்கள். பாஸ்டன் அணி பிலடெல்பியாவுக்கு வரும்போது ரசல் சேம்பர்லின் வீட்டில் சாப்பிடுவார். 1965-ல் சேம்பர்லினுக்குச் சம்பளம் ஆண்டுக்கு 1 லட்சம் டாலர் என்று முடிவானது. பாஸ்டன் நிர்வாகம் ரசலுக்கு 1 லட்சத்து 1 டாலர் கொடுத்தது. அந்த ஒரு டாலர் கௌரவப் பிரச்சினை.

குறைத்துக்கொண்டார், ஜெயித்தார்

வாரியர்ஸ் அணி 1962-ல் சான் பிரான்சிஸ்கோவுக்கு மாறியது. 1965-ல் சேம்பர்லின் பிலடெல்பியா 76-யர்ஸ் அணிக்கு வந்தார். 1966-67 சீசனுக்கு அலெக்ஸ் ஹானம் பயிற்சியாளர். நீ மட்டும் போடாதே, பந்தை மற்றவர்களுக்குக் கொடு என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். ஏழு ஆண்டுகளாகத் தொடர்ந்து புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்தவரிடம் இப்படிச் சொல்வது லேசான காரியம் அல்ல. சேம்பர்லின் கேட்டுக்கொண்டார். அவருடைய சராசரி 24.1 ஆகக் குறைந்தது. அணி 81 ஆட்டங்களில் 68-ஐ ஜெயித்தது. எட்டு ஆண்டுகளாகத் தொடர்ந்து சாம்பியனாக இருந்த பாஸ்டனை 4-1 என்று வீழ்த்தியது. இறுதியிலும் வென்று பட்டம் வாங்கியது.

50 புள்ளி எடுத்தபோது கிடைக்காத பட்டம், 24 புள்ளி எடுத்தபோது கிடைத்தது.

செங்கல் போடுவது போல ஒரு வீச்சு

இங்கே ஒரு விஷயத்தை விளக்கமாகச் சொல்ல வேண்டும். எதிரணி பவுல் செய்தால் "பிரீ த்ரோ" கிடைக்கும். நம் ரெயில்வே அணிகளின் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கோட்டில் நின்று நிதானமாகப் போடலாம். தடுக்க யாரும் கிடையாது. விழுந்தால் ஒரு புள்ளி.

இந்தச் சுலபமான வேலைதான் சேம்பர்லினுக்கு வரவில்லை. 1961-62 சீசனில் அவர் ஒரு முறையைக் கையாண்டார். இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, முழங்காலுக்கு நடுவிலிருந்து மேலே தூக்கிப் போடுவது. கட்டட வேலையில் கீழே நிற்பவர் சாரத்தில் நிற்பவருக்குச் செங்கல் தூக்கிப் போடுவாரே, ஏறக்குறைய அந்த மாதிரி. பலன் உடனே தெரிந்தது. நூற்றுக்கு 61 விழுந்தது. ஹெர்ஷியில் அந்த இரவு 32 பிரீ த்ரோவில் 28 விழுந்தது. அந்த 28 இல்லாவிட்டால் 100 ஏது?

பிறகு அதை விட்டுவிட்டார். காரணம் வெட்கம். பார்ப்பவர்கள் அதைப் பெண்பிள்ளை வீச்சு என்று சிரித்தார்கள். ரிக் பாரி என்ற ஆட்டக்காரர் அதே முறையில் நூற்றுக்குத் தொண்ணூறு வரை போட்டுக்கொண்டிருந்தார். அது நல்ல முறை என்று சேம்பர்லினுக்கும் தெரியும். தான் விட்டது தவறு என்று பிற்காலத்தில் தன் புத்தகத்திலேயே ஒப்புக்கொண்டார். ஆனாலும் திரும்பவில்லை. 1967-68 சீசனில் நூற்றுக்கு 38-தான் விழுந்தது.

அந்த ஆண்டு பாஸ்டனுக்கு எதிராக 3-1 என்று முன்னணியில் இருந்த பிலடெல்பியா, அடுத்த மூன்றையும் தோற்றது. ஏழாவது ஆட்டத்தின் முடிவு 100-96. சேம்பர்லினுக்கு 15 பிரீ த்ரோ கிடைத்தது. விழுந்தது 6. பின்பாதியில் அவர் இரண்டே முறைதான் கூடையைப் பார்த்துப் பந்து போட்டார். முன்பு அதிகம் போடுகிறார், சுயநலம் என்று திட்டியவர்கள், இப்போது போடவில்லை, கைவிட்டுவிட்டார் என்று திட்டினார்கள்.

முழங்கால் வலியும் நட்பு முறிவும்

1968-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிக்குப் போனார். அங்கே ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பெய்லர் என்ற இரண்டு பெரும் ஆட்டக்காரர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். அதே ஆண்டில் ஜனாதிபதி தேர்தலில் நிக்சனை ஆதரித்தார். சொந்த இனத்தவர் பலருக்கு அது பிடிக்கவில்லை.

1969-ம் ஆண்டு மே 5-ந் தேதி. இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம், மீண்டும் பாஸ்டனோடு. கடைசிக் கட்டத்தில் சேம்பர்லினுக்கு முழங்காலில் அடிபட்டது. வெளியே வந்தார். சற்று நேரத்தில் மீண்டும் ஆடத் தயார் என்றார். பயிற்சியாளர் வான் பிரெடா கோல்ப் உள்ளே விடவில்லை. லேக்கர்ஸ் 108-106 என்று தோற்றது.

நோகிறது என்று சொல்லிப் பின்வாங்கிவிட்டார் என்று ரசல் வெளிப்படையாகவே பேசினார். இது அநியாயம். ஆட விடாதவர் பயிற்சியாளர். ஆனால் கணக்குப் புத்தகம் இன்னொன்றும் சொல்கிறது. அன்று சேம்பர்லினுக்கு 13 பிரீ த்ரோ கிடைத்தது. விழுந்தது 4. அணி தோற்றது 2 புள்ளியில்.

ஒரே மேஜையில் சாப்பிட்ட நண்பர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

இரண்டாவது பட்டம்

1971-72ல் லேக்கர்ஸ் தொடர்ந்து 33 ஆட்டங்களில் வென்றது. சேம்பர்லினுக்கு வயது 35. சராசரி 14.8 புள்ளிதான். தடுப்பதும் ரீபவுண்டு பிடிப்பதும் அவர் வேலை. இறுதிச் சுற்றில் நியூயார்க் எதிரணி. கையில் எலும்பு முறிவோடு கடைசி ஆட்டத்தில் இறங்கினார். 24 புள்ளி, 29 ரீபவுண்டு. பட்டம் லேக்கர்சுக்கு. இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் சேம்பர்லின். வலிக்குப் பயந்தவர் என்ற பேச்சுக்கு அதுவே பதில்.

1973-ல் ஆட்டம் முடிந்தது. அதுவரை அவர் எடுத்த 31,419 புள்ளிக்கு மேல் யாரும் எடுத்ததில்லை. 1984-ல் கரீம் அப்துல் ஜப்பார் அதைத் தாண்டினார். 23,924 ரீபவுண்டு என்ற கணக்கை இதுவரை யாரும் தாண்டவில்லை.

ஓய்வுக்குப் பிறகும் பேச்சு அடங்கவில்லை. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1991-ல் எழுதிய புத்தகத்தில், தன் வாழ்க்கையில் வந்த பெண்கள் 20 ஆயிரம் பேர் என்று ஒரு கணக்கைப் போட்டார். ஊர் சிரித்தது. கறுப்பு இனத்துப் பெரியவர்கள் சிலர் கண்டித்தார்கள். மைதானத்தில் எடுத்த எல்லா எண்ணிக்கையையும் இந்த ஒரு எண்ணிக்கை கொஞ்ச காலம் மறைத்துவிட்டது. கடைசி ஆண்டுகளில் அவரே அதற்காக வருந்தினார்.

ரசல் மன்னிப்புக் கேட்டார். நட்பு திரும்பியது. 1999-ம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டில் இதயக் கோளாறால் சேம்பர்லின் காலமானார். வயது 63. அஞ்சலிக் கூட்டத்தில் ரசல் வந்து பேசினார்.

உயரமாகப் பிறந்தது அவர் குற்றம் அல்ல. தோல்விக்கெல்லாம் அவர் ஒருவரே பொறுப்பும் அல்ல. வேலை செய்கிறவன் மேல்தானே எங்கும் பழி விழுகிறது? ஆனால் சரியான வழி கையில் இருந்தும், நாலு பேர் சிரிப்பார்கள் என்று அதை விட்டார். அந்த ஒன்று மட்டும் அவருடைய சொந்தக் கணக்கு.

2014-ல் அமெரிக்கத் தபால் இலாகா அவர் படம் போட்ட தபால் தலை வெளியிட்டது. என்.பி.ஏ. ஆட்டக்காரர் ஒருவருக்கு இந்த மரியாதை கிடைத்தது அதுவே முதல் தடவை. அவருடைய உயரத்துக்கு ஏற்றபடி, வழக்கமான தபால் தலையைவிட நீளமாகவே அதை அச்சிட்டார்கள்.