மேஜை துடைத்தவர் மாளிகை திறந்தார்: சேசார் ரிட்ஸ்

உலகில் ஊருக்கு ஊர் ஹோட்டல்கள் இருக்கின்றன. ஆயினும் உயர்தர விடுதி என்றதும் உலக மக்களின் நினைவுக்கு வரும் பெயர்களில் முதல் வரிசையில் நிற்பது ரிட்ஸ் என்னும் பெயர். ஆடம்பரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லொன்றே அப்பெயரிலிருந்து பிறந்திருக்கிறது. அப்பெயருக்கு உரிய சேசார் ரிட்ஸ், பாரிஸ் மாநகரின் பழம்பெரும் மாளிகையொன்றை, அதன் முகத்தோற்றம் குலையாமல், அரசர்களும் கோடீசுவரர்களும் தேடிவரும் விடுதியாக்கிக் காட்டியவர். சாப்பாட்டுக் கடையும் தங்கும் விடுதியும் நடத்திப் பிழைக்கும் நம் வணிகப் பெருமக்கள் அவருடைய வரலாற்றை அறிந்திருப்பது நலம். அவர் ஏறிய படிகளிலும் பாடம் உண்டு. இடறிய படியிலும் பாடம் உண்டு.

ஏழைக் குடியானவர் பிள்ளை

சுவிட்சர்லாந்து நாட்டில், மலைகள் சூழ்ந்த நீடர்வால்ட் என்ற சிற்றூரில், 1850ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ரிட்ஸ் பிறந்தார். குடியானவக் குடும்பம். பெற்றோருக்கு அவர் பதின்மூன்றாவது பிள்ளை. பன்னிரண்டு வயதில் சீயோன் என்ற ஊருக்குப் படிக்க அனுப்பினார்கள். படிப்பில் பெரிதாகச் சோபிக்கவில்லை. பதினைந்தாவது வயதில் பிரிக் என்ற ஊரிலுள்ள ஒரு ஹோட்டலில் தொழில் பழகும் பையனாகச் சேர்த்துவிட்டார்கள். அங்கும் நிலைக்கவில்லை. இந்தத் தொழிலுக்கு வேண்டிய திறமை இவனிடம் கிடையாது என்று சொல்லி முதலாளி அனுப்பிவிட்டார்.

வேறு யாராக இருந்தாலும் ஊருக்குத் திரும்பி மாடு மேய்க்கப் போயிருப்பார்கள். ரிட்ஸ் பாரிஸுக்குப் போனார். 1867இல் அங்கே உலகப் பொருட்காட்சி நடந்தது; வேலைக்கு ஆள் தேவைப்பட்ட காலம். சிறு விடுதிகளில் எடுபிடி வேலை, மேஜை துடைக்கும் வேலை, பரிமாறும் வேலை என்று ஒவ்வொன்றாகச் செய்தார். பிறகு, பெரிய மனிதர்கள் வந்து உண்ணும் வுவாசன் என்ற உணவகத்தில் பரிமாறும் சிப்பந்தியாகச் சேர்ந்தார். 1870இல் ஜெர்மானியப் படைகள் பாரிஸை முற்றுகையிட்டபோது நகரில் இறைச்சிப் பஞ்சம் ஏற்பட்டது. மிருகக்காட்சிசாலை யானையின் இறைச்சிகூட உணவகங்களுக்கு வந்த கொடிய காலம் அது. அக்காலத்திலும் வாடிக்கைக்காரர் முன் தட்டை முறையாக வைப்பது எப்படி என்று கற்றார் ரிட்ஸ். யார் எதை விரும்புகிறார், யாருக்கு எது ஒவ்வாது, யார் எந்த மூலையில் உட்கார ஆசைப்படுகிறார் என்பதையெல்லாம் மனத்தில் பதித்துக்கொண்டார். பிற்காலத்தில் அவர் சம்பாதித்த செல்வத்துக்கெல்லாம் முதலாக நின்றது இந்த நினைவாற்றலே.

குளிர் நாளில் பிறந்த புகழ்

1870களில் சுவிட்சர்லாந்தின் ரிகி மலையுச்சியிலுள்ள ஹோட்டலில் அவர் உணவுக்கூடத்தின் மேற்பார்வையாளராக இருந்தார். ஒரு நாள் கடுங்குளிர். கட்டடத்தைச் சூடாக்கும் சாதனம் பழுதாகிவிட்டது. அந்நேரம் பார்த்து அமெரிக்கப் பயணிகள் கூட்டமொன்று பசியாற வருகிறது என்று செய்தி வந்தது. ரிட்ஸ் கலங்கவில்லை. பெரிய கூடத்தை விட்டுவிட்டு, சிவப்புக் கம்பளம் விரித்த சிறிய அறைக்கு மேஜைகளை மாற்றினார். செப்புப் பாத்திரங்களில் எரிசாராயம் ஊற்றித் தீ மூட்டி அறையில் வைத்தார். செங்கற்களை அடுப்பில் சுடவைத்து, கம்பளித் துணியில் சுற்றி, வந்தவர் ஒவ்வொருவர் காலடியிலும் ஒன்று வைத்தார். முதலில் ஆவி பறக்கும் சூப் வந்தது. வந்தவர்கள் குளிரையே மறந்து உண்டு போனார்கள்.

இச்செய்தி லூசர்ன் நகரின் கிராண்ட் ஹோட்டல் நேஷனலை நடத்திய பிஃபைஃபர் என்பவர் காதுக்கு எட்டியது. நட்டத்தில் ஓடிய தம் ஹோட்டலை அவர் இந்த இளைஞரிடம் ஒப்படைத்தார். சில ஆண்டுகளில் அது ஐரோப்பாவின் சிறந்த விடுதிகளுள் ஒன்றாயிற்று.

1880களில் மாண்டி கார்லோவில், ஓகுஸ்த் எஸ்காஃபியே என்ற சமையற்கலை வல்லவர் ரிட்ஸுடன் சேர்ந்தார். அடுப்படி ஒருவர் கையில். கூடம் மற்றவர் கையில். ஒருவர் வேலையில் மற்றவர் தலையிடவில்லை. அந்தக் கூட்டு பல ஆண்டுகள் நீடித்தது.

இலண்டனில் ஏற்றமும் இடறலும்

1889இல் இலண்டனில் சவாய் ஹோட்டல் திறக்கப்பட்டது. நாடகக் கொட்டகை அதிபர் டாயிலி கார்ட் என்பவர் அதன் உரிமையாளர். வியாபாரம் சூடு பிடிக்காமல் போகவே ரிட்ஸை நிர்வாகியாக அமர்த்தினார். ரிட்ஸ் எஸ்காஃபியேயையும் அழைத்துக்கொண்டார். கண்ணியமான குடும்பப் பெண்கள் பொது உணவகத்தில் உட்கார்ந்து உண்பது அதுவரை இலண்டனில் வழக்கமில்லை. அந்த வழக்கத்தை மாற்றிய முன்னோடி ரிட்ஸ். சாப்பாட்டில் குறை என்று யாராவது சொன்னால் சிப்பந்தி வாதாடக் கூடாது. மறுபேச்சின்றித் தட்டை எடுத்து வேறு தட்டு வைக்க வேண்டும் என்பது அவர் வகுத்த சட்டம். விக்டோரியா மகாராணியின் மூத்த குமாரரான வேல்ஸ் இளவரசரே அவருடைய வாடிக்கைக்காரரானார்.

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டிய செய்தி வருகிறது. சவாயில் சம்பளம் வாங்கிக்கொண்டே ரிட்ஸ் ரோம் முதலிய நகரங்களில் வேறு விடுதிகளையும் கவனித்தார். தம் சொந்தத் தொழிலுக்கும் அடித்தளம் போட்டார். ஆள் அடிக்கடி ஊரில் இல்லை. முதலாளிமாருக்கு ஐயம் பிறந்தது. இரகசியமாகக் கணக்குகளைச் சோதிக்க ஏற்பாடு செய்தார்கள். 3,400 பவுனுக்கு மேற்பட்ட மதுவகைகளுக்குக் கணக்கு இல்லை என்று கண்டார்கள். சரக்குப் போடும் கடைக்காரர்களிடம் எஸ்காஃபியே கமிஷன் வாங்கியதும் வெளிப்பட்டது. 1898 மார்ச் மாதத்தில் ரிட்ஸும் எஸ்காஃபியேயும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். முதலில் வழக்குத் தொடுத்துப் பார்த்தார்கள். முடிவில் 1900இல் குற்றத்தை ஒப்புக் கைச்சாத்திட்டு, பணம் திருப்பிக் கொடுக்க இசைந்தார்கள். இரு தரப்பாரும் வாய் திறக்காததால் இந்த விவரம் பல பத்தாண்டுகள் வெளியுலகுக்குத் தெரியாமலே இருந்தது. 1980களில்தான் அம்பலத்துக்கு வந்தது.

எத்தனை திறமைசாலியானாலும் அடுத்தவன் கடைக் கல்லாவில் கணக்குத் தவறினால் வரலாறு அதை மறப்பதில்லை. திறமைசாலி கிடைத்துவிட்டார் என்று முதலாளி பேரேட்டைப் புரட்டிப் பாராமல் இருந்தாலும் நட்டம் இரு தரப்புக்கும்தான்.

பழைய மாளிகை, புதிய விடுதி

பாரிஸில் வாந்தோம் சதுக்கம் என்றொரு இடம் உண்டு. பதினான்காம் லூயி மன்னர் காலத்தில் அமைந்தது. சுற்றியுள்ள கட்டடங்களின் முகப்பெல்லாம் அர்துவன்-மன்சார் என்ற சிற்பி வகுத்த ஒரே அமைப்பில் இருக்கும். அதில் ஒரு கல்லைக்கூட மாற்ற இடமில்லை. அச்சதுக்கத்தின் 15ஆம் எண்ணுள்ள பழைய பிரபு மாளிகையை ரிட்ஸ் தேர்ந்தெடுத்தார். பணத்துக்குக் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டார். சார்ல் மெவெஸ் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு, முகப்பை அப்படியே காத்து, உட்புறத்தைப் புதிதாக அமைத்தார்.

வெளியே பதினெட்டாம் நூற்றாண்டு. உள்ளே வரப்போகும் நூற்றாண்டின் வசதிகள். மின் விளக்கும் தொலைபேசியும் வந்தன. அறைகளோடு சேர்ந்தே குளியலறை அமைந்தது அக்காலத்தில் பெரிய புதுமை. சுவரில் காகிதம் ஒட்டினால் அழுக்குச் சேரும் என்று கழுவத்தக்க வண்ணம் பூசினார். தூசி தங்கும் கனத்த திரைகளை விலக்கினார். மரக் கட்டில்களுக்குப் பதில் பித்தளைக் கட்டில்கள் போட்டார். தம் மனைவி மரீ லூயியை உட்காரவைத்து, பலநிற விளக்குமூடிகளைப் பொருத்திப் பார்த்து, பெண்களின் முகத்துக்குப் பொலிவு தரும் இளஞ்சிவப்பு கலந்த ஒளியைத் தேர்ந்தார். வேலையற்றவர்கள் கூடி நின்று வேடிக்கை பார்க்காதபடி வாசற்கூடத்தைச் சிறிதாக்கினார்.

1898 ஜூன் 1ஆம் நாள் திறப்பு விழா. அன்று உட்கார்ந்து பார்த்தபோது சாப்பாட்டு மேஜைகள் ஏறக்குறைய ஒரு விரற்கடை உயரம் கூடியிருப்பதாக அவருக்குத் தோன்றியது என்றும், விருந்தினர் வருமுன் அத்தனை மேஜைக் கால்களையும் அறுத்துத் திருத்தச் செய்தார் என்றும் சொல்வார்கள். அன்றிரவு பாரிஸின் பெருமக்கள் திரண்டு வந்தார்கள். பரிமாறும் பையனாக அந்நகருக்கு வந்தவர், அன்று தம் பெயர் பொறித்த வாசலில் நின்று அவர்களை வரவேற்றார்.

உடைந்த மனம்

அடுத்த ஆண்டே இலண்டனில் கார்ல்டன் ஹோட்டலை ஏற்று நடத்தினார். பல ஊர்களில் பல பொறுப்புகள். எல்லாவற்றையும் தாமே பார்த்தாக வேண்டும் என்ற எண்ணம். இரயிலிலும் கப்பலிலும் ஓயாத பயணம். 1902 ஜூனில், அவருடைய பழைய வாடிக்கைக்காரரான வேல்ஸ் இளவரசர், ஏழாம் எட்வர்டு மன்னராக முடிசூட இருந்தார். கார்ல்டனில் அறைகளெல்லாம் நிரம்பியிருந்தன. பெருவிருந்துக்கு மாதக்கணக்கில் ஏற்பாடு. விழாவுக்கு இரண்டே நாள் இருக்கையில், ஜூன் 24ஆம் தேதி, மன்னருக்கு அறுவை சிகிச்சை. முடிசூட்டு விழா ஒத்திவைப்பு என்ற செய்தி வந்தது. அந்த அதிர்ச்சியை ரிட்ஸ் தாங்கவில்லை. மயங்கி விழுந்தார். மன்னர் தேறி ஆகஸ்டில் முடிசூடிக்கொண்டார். ரிட்ஸ் முழுமையாகத் தேறவே இல்லை. அப்போது அவருக்கு வயது 52.

அதன்பின் இலண்டனில் 1906இலும், மாட்ரிட்டில் 1910இலும் அவர் பெயரால் பெரிய ஹோட்டல்கள் எழுந்தன. பெயர் ஊர் ஊராகப் பரவியது. பெயருக்குரியவரோ படிப்படியாகத் தொழிலிலிருந்து விலகி, மனம் தளர்ந்து, மருத்துவ விடுதிகளில் நாளைக் கழித்தார். 1918 அக்டோபரில் தம் தாய்நாட்டிலேயே காலமானார். பாரிஸ் ஹோட்டலை மரீ லூயி அம்மையார் காத்து வந்தார். அவருக்குப் பின் மகன் சார்ல் கவனித்தார். 1979இல் எகிப்து நாட்டில் பிறந்த முகம்மது அல்-ஃபாயித் அதை வாங்கி, பெரும் பொருள் செலவிட்டுப் புதுப்பித்தார். மீண்டும் 2012இல் மூடிச் செப்பனிட்டு 2016இல் திறந்தார்கள். இலண்டன் கார்ல்டன் ஹோட்டல் இடிக்கப்பட்டுவிட்டது. பாரிஸ் மாளிகையின் முகப்போ அன்று போலவே நிற்கிறது.

வணிக நண்பர்களே! திறமையில்லை என்று துரத்தப்பட்ட பையன் உலகப் புகழ் பெற்றது, வந்தவர் மனத்தை அறிந்து பரிமாறியதால். அவர் புகழில் கறை படிந்தது, கணக்கில் நேர்மை தவறியதால். அவர் உடைந்து போனது, நம்பிக்கையான கைகளில் சுமையைப் பகிர்ந்து கொடுக்காததால். நம் கடைகளிலும் இன்று மேஜை துடைக்கும் பையன் ஒருவன் இருக்கக்கூடும். அவனுக்குத் தொழிலைச் சொல்லிக்கொடுங்கள். கணக்கையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். ஏற்ற காலத்தில் அவன் கையில் பொறுப்பையும் கொடுங்கள்.