ஒற்றைக் கையால் வென்ற அறிஞர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

எங்கள் ஊர் குடுமியான்மலையில் பழங்கால இசைக் குறிப்புகளைப் பாறையிலே வெட்டி வைத்திருக்கிறார்கள். நாமோ இன்று வெள்ளைக் காகிதத்தில் எழுதுகிறோம். அதற்காக எங்கள் மாவட்டத்தில் வளர்க்கப்படும் தைலமரங்களை வெட்டி லாரியில் ஏற்றும் கூலித் தொழிலாளி என் தந்தை. பழுப்புக் கட்டை எப்படியடா வெள்ளைத் தாளாகிறது என்று அவர் ஒருநாள் கேட்டார். விடை தேடிப் போன இடத்தில் நான் கண்டெடுத்த மாமனிதர் ஜேம்ஸ் சம்னர்.

1887ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர் சம்னர். பதினேழு வயதில் வேட்டைக்குச் சென்றபோது உடன் வந்தவரின் துப்பாக்கிக் குண்டு தவறுதலாகப் பாய்ந்தது. இடக்கை முழங்கைக்குக் கீழே துண்டிக்கப்பட்டது. அவரோ இடக்கைப் பழக்கமுள்ளவர்! மனம் தளராமல் வலக்கையைப் பழக்கினார், டென்னிசும் ஆடினார்.

ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்ய வந்தபோது, ஒற்றைக் கையருக்கு வேதியியல் ஒத்துவராது, சட்டம் படிக்கலாம் என்று பேராசிரியர் ஃபோலின் அறிவுரை கூறினார். சம்னர் கேட்கவில்லை. 1914இல் அங்கேயே முனைவர் பட்டம் பெற்று, கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்.

நொதி என்பது என்ன பொருள் என்று அன்று எவருக்கும் தெளிவாகத் தெரியாது. வயலில் இடும் யூரியாவைப் பிரித்து அம்மோனியாவாக்கும் யூரியேஸ் என்ற நொதியை, வாளவரை இனப் பயறு ஒன்றிலிருந்து தூய்மையாகப் பிரிக்க 1917இல் முற்பட்டார். ஒன்பது ஆண்டுகள் உழைத்தார். 1926இல், பயற்று மாவை நீர் கலந்த அசிட்டோனில் கரைத்து வடிகட்டிக் குளிரில் வைத்தார். நுண்நோக்கியில் சின்னஞ்சிறு படிகங்கள் மின்னின. அவை புரதம்! ஜெர்மனியின் நோபல் அறிஞர் வில்ஸ்டேட்டர் அணியினர் இதை ஏற்க மறுத்தனர். 1930இல் நார்த்ராப் பெப்சினைப் படிகமாக்கிய பின்னரே எதிர்ப்பு ஓயத் தொடங்கியது. 1946இல் நார்த்ராப், ஸ்டான்லி ஆகியோருடன் சம்னரும் நோபல் பரிசு பெற்றார். 1955இல் மறைந்தார்.

சம்னர் காகித ஆலைக்காக ஆராய்ந்தவரல்லர். ஆயினும் அவரிட்ட அடித்தளம் அங்கும் பயன்படுகிறது. மரக்கூழில் எஞ்சும் லிக்னினே பழுப்புக்குக் காரணம். அதை நீக்க நெடுங்காலம் குளோரின் பயன்பட்டது, கழிவுநீர் நச்சானது. 1986இல் பின்லாந்து ஆய்வாளர்கள் சைலனேஸ் என்ற நொதியைக் கூழில் சேர்த்துப் பார்த்தனர். நாரின் மேல் படிந்த சைலான் என்னும் சர்க்கரைச் சங்கிலியை அது அறுக்கிறது. வழி திறப்பதால் லிக்னின் எளிதில் வெளியேறுகிறது. வெளுக்கும் மருந்தும் குறைவாகவே தேவைப்படுகிறது. நொதி புரதமாதலால் மிகுந்த வெப்பமும் காரமும் அதைச் சிதைத்துவிடும். ஆகவே அவற்றைத் தாங்கும் நொதி தரும் நுண்ணுயிர்களை ஆய்வாளர்கள் தேடுகின்றனர்.

1937இல் ஸ்டாக்ஹோமில் சம்னர் பெற்றது ஷீலே பதக்கம். 1774இல் குளோரினைக் கண்டறிந்தவரும் அதே ஷீலேதான். என்னே பொருத்தம்!

கல்லூரிப் படிப்பு நமக்கு ஒத்துவராது என்று என் தந்தையிடமும் சிலர் சொன்னதுண்டு. அவர் கேட்கவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாத அவருக்கு இந்தக் கதையை ஒரு மாலையில் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, என் நோட்டுப் புத்தகத் தாளை விரலால் தடவிப் பார்த்தார். நண்பர்களே, முடியாது என்ற சொல்லைச் சம்னர் ஒற்றைக் கையால் விலக்கினார். நமக்கு இரு கைகள் உள்ளனவே!