மூலிகை ஆய்ந்த மேதை லி ஷிசென்

பழைய நூலொன்றிற் காணப்படுவதனாலேயே ஒரு கூற்று மெய்யாகிவிடுமா? இவ்வினா எழுந்தோறும் என் நினைவில் முன்வந்து நிற்பவர், சீனத்து மருத்துவ மேதை லி ஷிசென் ஆவார்.

அவர் 1518ஆம் ஆண்டில் ஹூபெய் மாகாணத்திலே மருத்துவக் குடும்பமொன்றிற் பிறந்தார். வைத்தியத் தொழிலுக்கு அக்காலத்தில் மதிப்புக் குறைவு. ஆதலின், மகன் அரச பதவி பெறவேண்டுமெனத் தந்தையார் விரும்பினார். மாகாணப் பரீட்சையில் மும்முறை தவறிய பின்னரே லி ஷிசென் குலத்தொழிலைக் கைக்கொண்டார். அத்தோல்வியை உலகுக்கு வாய்த்த பேறு என்பேன்.

முன்னோரின் மூலிகை நூல்களிற் பிழைகள் மலிந்திருக்கக் கண்டார் அவர். ஒரே பூண்டு இரு பெயரால் இரு மருந்தாயிற்று. நஞ்சாகிய பாதரசம் ஆயுளை வளர்ப்பதெனப் புகழப்பட்டது. 1552இல் அவர் தொடங்கிய திருத்தப்பணி 1578 வரை நீண்டது. 800க்கு மேற்பட்ட நூல்களை ஆராய்ந்தார். ஊமத்தம்பூவின் மயக்கத்தைத் தாமே உண்டு சோதித்தார். 1,892 மருந்துப் பொருள்களைக் கூறும் ‘பென்சௌ காங்மு’ இவ்வாறு உருவாயிற்று.

தலைச்சுற்றுக்கு வழங்கும் தியென்மா என்னும் கிழங்கையும் அந்நூல் ஆராய்கிறது. இலையும் பச்சையமும் அற்ற இந்த ஆர்க்கிட் செடி, காளானொன்றின் துணையால் வாழ்வது. அதன் செந்நிறத் தண்டு அம்பை ஒத்திருத்தலால் ‘செவ்வம்பு’ எனவும் பெயர் பெற்றது. நூல்கள் வேறாகக் கூறிய இவ்விரண்டும் ஒன்றே எனத் தெளிந்து, ஒருங்கே வைத்தார் லி ஷிசென். ஆயின், தலைச்சுற்றைத் தீர்க்க அதுவே மருந்து என்ற முன்னோர் கருத்தையும் அவர் ஏற்றுப் பதிந்தார். செடியின் அடையாளத்தைக் கண்ணாற் காணலாம். மருந்தின் பயனை அவ்வாறு காணவியலாது. தலைச்சுற்றுப் பெரும்பாலும் தானே தணியும் இயல்பினது. குடித்த கஷாயம் அந்தப் புகழைப் பெற்றுவிடும். மருந்து உண்டாரையும் உண்ணாதாரையும் ஒப்புநோக்கும் முறை அவர் காலத்தில் இல்லை.

தியென்மா சேர்ந்த தலைச்சுற்றுக் கஷாயமொன்று 1732இல் வெளிவந்த நூலில் இடம்பெற்றது. அதனைக் குறித்து அண்மைக் காலத்திற் சீனாவில் நிகழ்ந்த சோதனைகள் பல, நற்பயனையே கூறுகின்றன. எனினும், அவற்றுட் பல சிறியன. யார் எம்மருந்து பெற்றார் என்பதை மறைக்காது நடத்தப்பட்டவை. ஆதலின் நம்பிக்கைக்கு இடமுண்டு; முடிவுக்கு இடமில்லை. பேச்சுக் குழறலோ கைகால் தளர்ச்சியோ உடன்வரும் திடீர்த் தலைச்சுற்று, மூளைத் தாக்கத்தின் அறிகுறியாகலாம். அந்நிலையிற் கஷாயத்தை நம்பிக் காத்திருத்தல் உயிருக்கே கேடாகும்.

லி ஷிசென் 1593இல் மறைந்தார். 1596இல் நான்கிங்கில் அச்சேறிய தம் நூலை அவர் கண்டாரில்லர். அவர் எழுதியவற்றை அவ்வாறே நம்புதல் அவருக்குச் செய்யும் மரியாதையன்று. அவர் முன்னோரை ஆராய்ந்ததுபோல் அவரையும் ஆராய்தலே மரியாதை.