ழான் மார்க் கஸ்பார் இத்தார்

ழான் மார்க் கஸ்பார் இத்தார் (ஏப்ரல் 24, 1774 – ஜூலை 5, 1838) பிரான்சு நாட்டைச் சேர்ந்த மருத்துவர் ஆவார். காது நோய் மருத்துவத்தைத் தனித்துறையாக வளர்த்தவர்களுள் முன்னோடி. எனினும், 1800 ஆம் ஆண்டு காட்டிலிருந்து வெளிப்பட்ட விக்தோர் என்னும் சிறுவனுக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கல்வி புகட்ட முயன்றவர் என்ற வகையிலேயே இவர் பரவலாக அறியப்படுகிறார். புலனுணர்விலும் நடத்தையிலும் இடர்ப்பாடுகள் கொண்ட ஒரு பிள்ளையை நாள்தோறும் கவனித்து, முறையாகப் பதிவு செய்த மிகப் பழைய ஆவணங்களுள் இவருடைய இரண்டு அறிக்கைகளும் அடங்கும். சிறப்புக் கல்வியின் வரலாறு பெரும்பாலும் இவரிடமிருந்தே தொடங்கி எழுதப்படுகிறது.

இளமை

இத்தார் தென்கிழக்குப் பிரான்சின் புரோவான்சு பகுதியிலுள்ள ஒரேசோன் என்னும் ஊரில் பிறந்தார். வங்கித் தொழிலுக்கென்றே வளர்க்கப்பட்டவர். பிரெஞ்சுப் புரட்சியை அடுத்து வந்த போர்க்காலத்தில், படையில் சேர்வதைத் தவிர்க்கும் பொருட்டுத் தூலோன் பகுதியில் இருந்த இராணுவ மருத்துவமனை ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு மருத்துவப் பயிற்சி எதுவும் கிடையாது. அங்கே பிற்காலத்தில் நெப்போலியனின் படை மருத்துவராகப் புகழ்பெற்ற லாரேயின் கீழ்ப் பணியாற்றி அறுவை மருத்துவம் கற்றார். பின்னர்ப் பாரிசுக்குச் சென்று வால் த கிராஸ் இராணுவ மருத்துவமனையில் பயிற்சியைத் தொடர்ந்தார். 1800 ஆம் ஆண்டின் இறுதியில் பாரிசு தேசியக் காது கேளாதோர் பள்ளியின் மருத்துவராக நியமிக்கப்பட்டார். தம் வாழ்நாள் முழுவதும் அப்பள்ளியிலேயே பணிபுரிந்தார்.

அவேரோன் காட்டுச் சிறுவன்

1790களின் பிற்பகுதியில், தெற்குப் பிரான்சின் லாக்கோன் காட்டுப் பகுதியில் ஆடையின்றித் திரிந்த ஒரு சிறுவனை ஊர்மக்கள் பலமுறை கண்டனர். பிடிபட்டுத் தப்பியோடிய அவன், 1800 சனவரியில் அவேரோன் மாவட்டத்தின் சேன்-செர்னேன் ஊரில் ஒரு சாயத் தொழிலாளியின் வீட்டருகே வந்து சேர்ந்தான். வயது பதினொன்று அல்லது பன்னிரண்டு இருக்கலாம் என மதிப்பிட்டனர். பேச்சு இல்லை. கழுத்தில் கத்தியால் வெட்டியது போன்ற நீண்ட தழும்பு ஒன்று இருந்தது. யாரோ கொல்ல முயன்று காட்டில் விட்டுச் சென்றிருக்க வேண்டும் என்பது அக்காலத்தவரின் ஊகம். உள்துறை அமைச்சர் லூசியன் போனபார்ட்டின் ஆணைப்படி அதே ஆண்டு ஆகஸ்டில் அவன் பாரிசுக்குக் கொண்டுவரப்பட்டான்.

நாகரிகத்தின் தீண்டல் இல்லாத தூய மனிதனைக் காணப்போகிறோம் என்று பாரிசு மக்கள் திரண்டனர். அவர்கள் கண்டதோ முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு, நெருங்கியவரைக் கடித்துக்கொண்டு, எதிலும் பார்வை நிலைக்காத ஓர் அழுக்குச் சிறுவனை. ஆர்வம் விரைவில் அடங்கியது. பள்ளியில் அவனைப் பேணுவார் இல்லை. அக்காலத்தின் தலைசிறந்த மனநோய் மருத்துவரான பிலிப் பினேல் அவனை ஆராய்ந்து, மருத்துவமனைகளில் 'இடியட்' என்று வகைப்படுத்தப்பட்டிருந்த பிள்ளைகளுக்கும் இவனுக்கும் வேறுபாடு இல்லை என்றும், இவனைத் திருத்த இயலும் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை என்றும் அறிக்கை அளித்தார்.

இருபத்தாறு வயதான இத்தார் இதனை ஏற்கவில்லை. அறிவு அனைத்தும் புலன்களின் வழியாகவே உருவாகிறது என்ற தத்துவவாதி கொந்தியாக்கின் கொள்கையில் அவருக்குப் பற்று இருந்தது. சிறுவனின் குறை பிறவிக்குறை அன்று, தனிமையால் விளைந்தது என்று அவர் கருதினார். இந்த முடிவு முழுதும் சரியானதன்று என்றே இன்று பலரும் எண்ணுகின்றனர். ஆனால் அந்தத் தவறான முடிவே அச்சிறுவனுக்கு ஓர் ஆசிரியரைத் தந்தது.

புலனுணர்வுகள்

இத்தார் முதலில் செய்தது கூர்ந்து கவனித்தல். சிறுவனின் அருகே துப்பாக்கி வெடித்தபோது அவன் ஏறக்குறையப் பொருட்படுத்தவில்லை. ஆனால் பின்னால் யாரேனும் ஒரு வாதுமைக் கொட்டையை உடைத்தால் உடனே திரும்பினான். கொதிக்கும் நீரிலிருந்து உருளைக்கிழங்கை வெறுங்கையால் எடுத்தான். உறைபனியில் அரை நிர்வாணமாகப் புரண்டு மகிழ்ந்தான். மூக்கில் மூக்குப்பொடி திணித்தும் தும்மவில்லை. எந்தப் பொருளையும் முதலில் முகர்ந்து பார்த்தான். இனிப்புகளை வெறுத்தான். காது கேளாமையும் அன்று, தோல் மரத்ததும் அன்று. எந்தத் தூண்டலைக் கவனிப்பது, எதை ஒதுக்குவது என்பதில்தான் வேறுபாடு இருந்தது என்பதை இத்தார் உணர்ந்துகொண்டார்.

அடுத்து அவர் செய்தது, சிறுவனை அவன் விருப்பத்திற்கு விட்டது. உண்பது, உறங்குவது, சும்மா இருப்பது, வயல்வெளியில் ஓடுவது ஆகிய நான்கிலும் தடை விதிக்கவில்லை. பிறகே அவற்றைச் சிறிது சிறிதாகக் குறைத்தார். நாள்தோறும் இரண்டு மூன்று மணி நேரம் மிகச் சூடான நீரில் குளிப்பாட்டினார். உடலைத் தேய்த்துவிடச் செய்தார். சில மாதங்களில் சிறுவன் விரலை நீரில் தோய்த்து வெப்பம் பார்க்கத் தொடங்கினான். நீர் ஆறியிருந்தால் இறங்க மறுத்தான். குளிர் தெரிந்த பின் ஆடையின் பயன் தெரிந்தது. இத்தார் காலையில் சன்னலைத் திறந்துவைத்து, ஆடைகளை அவன் கைக்கெட்டும் இடத்தில் வைப்பார்; அவனே உடுத்திக்கொள்ளக் கற்றான். ஈரப் படுக்கையின் குளிர் பிடிக்காமற்போனதால் இரவில் எழுந்து செல்லவும் பழகினான். கிழங்கை எடுக்கக் கரண்டியைப் பயன்படுத்தினான். அடியோ அதட்டலோ இந்த மாற்றங்களைக் கொண்டுவரவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

'ஓ' என்னும் ஒலிக்கு அவன் திரும்பிப் பார்ப்பதைக் கண்டே அந்த ஒலி அமைந்த விக்தோர் என்ற பெயரை இத்தார் அவனுக்குச் சூட்டினார்.

மதாம் கெரேன்

இத்தாரின் பெயரே வரலாற்றில் நிலைத்தாலும், விக்தோரை வளர்த்தவர் மதாம் கெரேன் என்ற பெண்மணியே. உணவு, குளியல், உடை, நோய், உறக்கம் எல்லாம் அவர் பொறுப்பில் இருந்தன. நாள்தோறும் அவனை வானாய்வகத் தோட்டத்திற்கு நடத்திச் செல்வார். அங்கு ஒரு வீட்டில் அவனுக்குப் பால் கிடைக்கும். பாடங்களில் களைத்து வெகுண்ட பிள்ளை தேடிச் சென்றது அவரையே. ஒருமுறை விக்தோர் ஓடிப்போய்ச் சென்லிஸ் காட்டுப் பக்கத்தில் பிடிபட்டுக் காவலில் வைக்கப்பட்டான். சில நாட்கள் கழித்து மதாம் கெரேனைக் கண்டதும் அவன் அடைந்த மகிழ்ச்சியைத் தாயைக் கண்ட பிள்ளையின் மகிழ்ச்சியோடு ஒப்பிட்டு இத்தார் எழுதியுள்ளார்.

உணவு மேசையில் தட்டுகளை எடுத்துவைப்பது விக்தோரின் வேலை. மதாம் கெரேனின் கணவர் இறந்த பிறகும் அவன் வழக்கம்போல் அவருடைய இடத்தில் தட்டை வைத்தான். அந்த அம்மையாரின் அழுகையைக் கண்டு, தான் ஏதோ தவறு செய்ததை உணர்ந்து, தட்டை எடுத்து அலமாரியில் வைத்தான். அதன்பின் ஒருபோதும் அதனை வைக்கவில்லை. பினேலின் அறிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி இத்தாரின் ஏடுகளில் இல்லை எனலாம்.

பாடங்களும் சினமும்

விளையாட்டுப் பொருள்களில் விக்தோருக்கு நாட்டமில்லை. கொடுத்த மரக்கட்டைகளை ஒருநாள் அடுப்பிலிட்டு எரித்துவிட்டான். ஆனால் கவிழ்த்த கிண்ணங்களுள் ஒன்றில் கஷ்கொட்டையை மறைத்து இடம் மாற்றி விளையாடியபோது கூர்ந்து கவனித்தான். அதைத் தொடக்கமாகக் கொண்டு இத்தார் வடிவங்கள், நிறங்கள், பின்னர் மரத்தாலான எழுத்துகள் என முன்னேறினார். 'பால்' என்று பொருள்படும் 'லே' என்னும் பிரெஞ்சுச் சொல்லின் நான்கு எழுத்துகளை அடுக்க விக்தோர் கற்றான். சில நாட்களுக்குப் பின் அவ்வெழுத்துகளைத் தானே சட்டைப்பையில் எடுத்துச் சென்று, பால் தரும் வீட்டின் மேசையில் அடுக்கி வைத்தான்.

பாடம் கடினமாகும்போதெல்லாம் சினமும் வந்தது. எழுத்துகளை வீசினான், படுக்கை விரிப்பைக் கடித்தான், சில நாட்களில் வலிப்பு வந்தவன் போல் விழுந்தான். விக்தோருக்கு உயரம் என்றால் அச்சம் என்பதை அறிந்திருந்த இத்தார், அத்தகைய ஒரு வேளையில் அவனைத் தூக்கி மேல்மாடிச் சன்னலுக்கு வெளியே தலைகீழாகப் பிடித்தார். பின்னர்ச் சிதறிய அட்டைகளைப் பொறுக்கவைத்தார். சிறுவன் படுக்கையில் விழுந்து கண்ணீர் விட்டு அழுதான். அவன் அவ்வாறு அழுதது அதுவே முதன்முறை. மற்றொரு நாள், நீதியுணர்வு அவனுக்கு உண்டா என அறிய, பாடத்தைச் சரியாகச் செய்து முடித்தவனை வேண்டுமென்றே தண்டிக்க இழுத்துச் சென்றார். விக்தோர் எதிர்த்து அவர் கையைக் கடித்தான். அநீதியை அநீதி என்று அறிந்துவிட்டான் என இத்தார் மகிழ்ந்தார். இவ்விரு செயல்களையும் அவர் மறைக்காமல் எழுதிவைத்தார் என்பதற்காக அவற்றை ஏற்கத் தேவையில்லை. அச்சத்தால் அடக்கியதும், காரணமின்றித் தண்டித்ததும் இன்றைய அளவுகோலில் கொடுமையே.

பேச்சு வரவில்லை. 'லே' என்ற ஒலி வந்தது. ஆனால் பால் வேண்டும் என்று கேட்க அன்று, பாலைக் கண்ட மகிழ்ச்சியில் மட்டுமே வந்தது. மதாம் கெரேன் அடிக்கடி சொல்லும் கடவுளை விளிக்கும் சொல்லையும் அரைகுறையாகச் சொன்னான். அதே வேளையில் தன் தேவைகளைச் சைகையால் நன்றாக உணர்த்தினான்: பால் வேண்டுமானால் கிண்ணத்தைக் கொணர்ந்தான், வந்தவர் அலுப்பூட்டினால் அவருடைய தொப்பியையும் கைத்தடியையும் எடுத்துக் கொடுத்தான். சைகை மொழி புழங்கிய பள்ளியிலேயே வாழ்ந்தும் இத்தார் அவனுக்கு அம்மொழியைக் கற்பிக்கவில்லை. பேச்சே மனிதனின் அடையாளம் என்ற எண்ணம் அவரைத் தடுத்தது என்று உளவியலாளர் ஹார்லன் லேன் 1976 இல் வெளியிட்ட நூலில் விமர்சித்துள்ளார்.

1801 இல் வெளியான முதல் அறிக்கை ஐரோப்பா முழுவதும் இத்தாருக்குப் புகழ் தேடித் தந்தது. 1806 இல் எழுதி 1807 இல் அச்சான இரண்டாம் அறிக்கை சோர்வு மிகுந்தது. பருவ வயதை அடைந்த விக்தோரின் கொந்தளிப்பை அடக்க இயலாமல் இத்தார் பாடங்களை நிறுத்திக்கொண்டார். அதன்பின் அரசு உதவித்தொகையுடன் மதாம் கெரேனே அவனைப் பேணினார். 1811 இல் இருவரும் பள்ளிக்கு அருகிலிருந்த ஒரு வீட்டிற்குக் குடிபெயர்ந்தனர். விக்தோர் 1828 இல், ஏறக்குறைய நாற்பது வயதில் இறந்தார்.

மருத்துவப் பணி

1803 இல் தம் ஆய்வேட்டில் 'நியூமோதோராக்ஸ்' என்ற சொல்லை இத்தார் உருவாக்கினார். 1821 இல் வெளியான காது நோய்கள் பற்றிய அவருடைய நூல் அத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. பின்னாளில் தூரெத் நோய்க்குறித்தொகுப்பு எனப் பெயர் பெற்ற நோயை ஒரு பிரபுக் குலப் பெண்ணிடம் கண்டு 1825 இல் விவரித்தார். பள்ளி மாணவர்களுக்குக் கேட்கும் திறன் வரவேண்டும் என்று மின்சாரம், அட்டைகள், செவிப்பறையைத் துளைத்தல், கொப்புளம் எழுப்புதல் எனப் பலவற்றைச் செய்து பார்த்தார். மாணவர்கள் வலியையே கண்டனர். பயனில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. பாரிசை அடுத்த பாசியில் காலமானார்.

தாக்கம்

இத்தாரின் இறுதிக் காலத்தில் அவரிடம் பயின்ற எதுவார் செகேன், அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான கல்வி முறையை உருவாக்கி அதை அமெரிக்காவிலும் பரப்பினார். இருவருடைய எழுத்துகளையும் மரியா மாண்டிசோரி தம் கையால் இத்தாலிய மொழியில் பெயர்த்து எழுதிப் படித்தார். மாண்டிசோரிப் பள்ளிகளில் இன்றும் காணப்படும் வடிவப் பலகைகளும் தொட்டுணரும் எழுத்துகளும் இவ்வழியில் வந்தவை. 1939 இல் சென்னை அடையாற்றுக்கு வந்து மாண்டிசோரி நடத்திய ஆசிரியர் பயிற்சி வாயிலாக அவை நம் நாட்டு மழலையர் பள்ளிகளிலும் பரவின.

விக்தோருக்கு ஆட்டிசம் இருந்திருக்கலாம் என்று 1989 இல் உளவியலாளர் ஊட்டா பிரித் வாதிட்டார். இதனை உறுதி செய்ய வழியில்லை. மூளை புலன்வழிச் செய்திகளை ஒருங்கிணைக்கும் விதத்தில் ஏற்படும் இடர்ப்பாடுகள் பற்றிய கோட்பாட்டை அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபி வல்லுநர் ஜீன் அயர்ஸ் 1972 இல் நூலாக வெளியிட்டார். அதன் அடிப்படையில் அமைந்த பயிற்சிகளின் பயன் குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. துப்பாக்கிக்குத் திரும்பாமல் வாதுமைக் கொட்டைக்குத் திரும்பிய பிள்ளை பற்றிய குறிப்பு, மிக்சி ஒலிக்குக் காதைப் பொத்தும், சட்டையின் தையல் உறுத்துகிறது என்று கதறும் பிள்ளைகளின் பெற்றோருக்கு அந்நியமாகத் தோன்றாது.

பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ 1970 இல் 'காட்டுச் சிறுவன்' என்ற பொருள்படும் தலைப்பில் கறுப்பு வெள்ளைத் திரைப்படம் ஒன்றை எடுத்தார். இத்தார் வேடத்தில் அவரே நடித்தார். ஓடிப்போன விக்தோர் வீடு திரும்பும் காட்சியோடு படம் முடிகிறது. மதாம் கெரேனுடன் அவன் வாழ்ந்த பிந்தைய ஆண்டுகள் அதில் இடம்பெறவில்லை.