மீசை வைத்த அம்மா

கிஜுபாய் பதேகாவைக் குஜராத் மக்கள் ‘மீசை வைத்த அம்மா’ என்று அன்புடன் அழைத்தனர்.

1885-ஆம் ஆண்டு சௌராஷ்டிரத்தில் பிறந்த அவர் வழக்கறிஞராகப் பணிபுரிந்தார். 1913-இல் அவருக்கு மகன் பிறந்தான். அந்நாளைய பள்ளிகளில் பிரம்பும் மனப்பாடமுமே ஆட்சி செய்தன. அந்த அச்சத்தில் தம் மகனும் வளர வேண்டுமா என்ற கவலை அவரை வாட்டியது. விடை தேடியவர் இத்தாலிய மருத்துவர் மாண்டிசோரியின் கருத்துகளைப் பயின்றார்; அவரது வாழ்வின் திசையே மாறியது.

1916-இல் பாவ்நகரின் தட்சிணாமூர்த்தி கல்வி நிலையத்தில் சேர்ந்தார். வருவாய் மிக்க வழக்கறிஞர் தொழிலைத் துறந்தார். 1920-இல் அங்கே சிறு குழந்தைகளுக்கென ‘பால மந்திர்’ தொடங்கினார். அங்கு அடி இல்லை, அச்சுறுத்தல் இல்லை. குழந்தைகள் களிமண்ணில் உருவங்கள் செய்தனர்; காகிதம் வெட்டினர்; படம் வரைந்தனர்; பாடினர்; நாடகம் நடித்தனர். கை செய்ததை மனம் கற்றது. கிஜுபாய் சொன்ன கதைகளின் வழியே மொழி இயல்பாக வளர்ந்தது. தாராபென் மோதக் இப்பணியில் அவருக்குத் துணை நின்றார். தம் அனுபவங்களின் சாரத்தைக் கிஜுபாய் ‘திவாஸ்வப்னா’ என்ற நூலாக வடித்தார்.

1939-இல் அவர் மறைந்தார். தம் ஒரு மகனுக்காகத் தேடியதை ஊர்க் குழந்தைகள் அனைவருக்கும் வழங்கிய வாழ்வு அது.

நம் வீட்டுக் குழந்தை மண்ணைப் பிசைந்து கையை அழுக்காக்கிக்கொள்ளும்போது, கடிந்துகொள்ளுமுன் கிஜுபாயை ஒரு கணம் நினைப்போம்.